இயல்பிருப்பு

பயனர் எதையும் குறிப்பிடாதபோது மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் மதிப்பு. இயல்பு + இருப்பு. கையிருப்பு, சரக்கிருப்பு என்பவற்றில் உள்ள அதே ‘இருப்பு’தான் இது. முன்னிருப்பு என்றும் வழங்கும். முன்பே வைக்கப்பட்டது, பின்னால் மாற்றத்தக்கது என்ற இரண்டையும் உணர்த்துவதால் அவ்வடிவமே பொருத்தமானது. மலையாளத்தில், கணினி இடைமுகங்கள் இதை ‘ஸ்வதே’ என்கின்றன. தன்னியல்பாக என்பது அதன் பொருள்.

மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது இச்சொல்லின் பொருள் நன்கு விளங்கும். அதற்கென 2010இல் மிட்செல் ஹாஷிமோட்டோ தொடங்கிய வேக்ரன்ட் கருவி, அமைப்புகளை அடுக்கடுக்காகப் படிக்கிறது. முதலில் பாக்ஸ் எனும் அடிப்படைப் பொதியோடு வரும் கோப்பு, அடுத்து வேக்ரன்டின் முகப்பு அடைவில் உள்ளது, பிறகு திட்ட அடைவில் உள்ளது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்துத் தரும் அமைப்புகள் அதற்கும் மேலே. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகராக்க மென்பொருளுக்கென எழுதும் மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரே அமைப்பு இரண்டு இடங்களில் இருந்தால் பின்னால் படிக்கப்படுவதே செல்லும். குறிப்பிடப்படாதவை இயல்பிருப்பாகவே நிற்கும். பிணைய அமைப்புகள் போன்றவை இவ்விதிக்கு விலக்கு: புதியது பழையதை நீக்காது, அதனோடு சேர்ந்துகொள்ளும். கேளாத பிணைய இணைப்பு ஒன்று முளைத்திருந்தால் முந்தைய அடுக்குகளைப் பார்ப்பது நல்லது.