கொழுந்தைப் பற்றிய அறிவு: ஊவாத் தோட்டங்களும் ஆய்விதழ் வணிகமும்

ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் நிலம், கூலி, குடியுரிமை என்னும் மூன்றையும் சுற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. அந்த நிலத்தில் விளைந்த பயிரைப் பற்றிய அறிவு எங்கே அச்சேறியது, யாருடைய உடைமையாயிற்று என்பதும் அதே அளவு வினவப்பட வேண்டியதாகும். இவ்வரலாற்றின் முதல் ஏடு பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் தொடங்குகிறது. 1869இல் அங்கிருந்த கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறத் துகள் படிந்திருக்கக் காணப்பட்டது. அவ்விலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸிடம் சேர்ந்து, அவர் வழியே இங்கிலாந்து சென்றன. அங்கே பூஞ்சண ஆய்வாளர் பெர்க்லி அந்த இலைநோயை உண்டாக்கிய பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டு, லண்டனில் வெளிவந்த கார்டனர்ஸ் குரோனிக்கிள் என்னும் தோட்டக்கலை வார இதழில் அதே ஆண்டு விவரித்தார்.

அந்நோயை ஆராய 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டின் அறிக்கைகளைக் குடியேற்ற அரசே அச்சிட்டது. எனினும் தோட்டத் துரைமாரின் மேசைக்கு வேளாண்மைச் செய்தியைக் கொண்டு சேர்த்தவர்கள் கொழும்புப் பதிப்பாளர்களான ஏ. எம். ஃபெர்குசனும் ஜே. ஃபெர்குசனும் ஆவர். சிலோன் ஒப்சேவர் பத்திரிகையையும், தோட்டங்களின் பெயர், உரிமையாளர், பரப்பளவு ஆகியவற்றைத் தொகுத்துரைத்த விவரக்கொத்தையும் நடத்திய இக்குடும்பம், 1881இல் டிரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட் என்னும் மாத இதழைத் தொடங்கி, பல நாட்டு ஏடுகளிலிருந்து எடுத்த செய்திகளைச் சந்தாதாரருக்கு விற்றது. இதே குடும்பத்தார் வெளியிட்ட ‘இங்கே வா’ என்னும் சிறு கையேடு சின்னத் துரைமாருக்குத் தமிழ் கற்பித்தது. தோட்டத்தின் அறிவு ஆங்கிலத்தில் சேமிக்கப்பட, தமிழ் ஏவலுக்குரிய மொழியாக மட்டும் அச்சில் இடம்பெற்றது என்பதை அந்நூலின் தலைப்பே உரைக்கிறது.

கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றிய பின் ஆய்வின் பொருளாதாரம் மாறியது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், ஏற்றுமதித் தேயிலையின் மீது விதிக்கப்பட்ட ‘செஸ்’ என்னும் சிறப்பு வரியைக் கொண்டு தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் அமைக்கப்பட்டது. முதலில் நுவரெலியாவில் இயங்கிய அது, சில ஆண்டுகளில் தலவாக்கலையின் சென். கூம்ஸ் தோட்டத்துக்கு மாறியது. ஏற்றுமதியான ஒவ்வொரு இறாத்தலும் கொழுந்தெடுத்தோரின் உழைப்பால் உருவானதாகையால், இந்த ஆய்வின் முதலீட்டில் தோட்டக் கங்காணிமாரின் கீழ் நாட்பேருக்கு உழைத்தவர்களுக்கும் பங்குண்டு என்று கொள்வதே நேர்மையாகும். நிறுவகம் தன் முடிவுகளைத் தேயிலைக் காலாண்டிதழ் என்னும் பொருளுடைய ‘டீ குவார்ட்டர்லி’ என்ற சொந்தச் சஞ்சிகையில் வெளியிட்டது. செலவிட்டவரும் வெளியிட்டவரும் ஒருவரே என்னும் இந்த ஏற்பாடு, ஆய்வுக் கட்டுரைகள் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் திறந்த அணுக்கத்தை இன்று கோருவோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆய்விதழ் பெருவணிகமாயிற்று. 1951இல் லண்டன் பதிப்பகம் ஒன்றைக் கைக்கொண்டு அதற்குப் பெர்கமன் எனப் பெயரிட்ட ரொபர்ட் மக்ஸ்வெல், அறிவியலின் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் இதழ் தொடங்கும் உத்தியைப் பின்பற்றினார். எழுதுபவருக்கு ஊதியம் இல்லை, மதிப்பீடு செய்பவருக்கும் பெரும்பாலும் இல்லை, ஆனால் நூலகமோ ஆண்டுதோறும் சந்தா செலுத்தியே ஆக வேண்டும் என்பதே இவ்வணிகத்தின் அடித்தளம். ஓர் இதழுக்கு மாற்றாக இன்னோர் இதழை வாங்கி நூலகம் நிறைவுற முடியாதாகையால் விலையைக் கட்டுப்படுத்தும் போட்டி இங்கே எழவில்லை. தாவர வேதியியலுக்காக அப்பதிப்பகம் 1961இல் தொடங்கிய ‘ஃபைட்டோகெமிஸ்ட்ரி’ இதழில், 1974இல், தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் உயிரிரசாயன அறிஞர் ஆர். எல். விக்கிரமசிங்க, காலநிலை தேயிலையின் நறுமணத்தை உருவாக்கும் விதத்தை விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். ஆடி, ஆவணி மாதங்களில் மத்திய மலைகளைக் கடந்து ஈரமிழந்து வீசும் கச்சான் காற்றால் மணம் பெறும் ஊவாத் தேயிலைக்கு இதைவிட நெருங்கிய ஆய்வுப்பொருள் வேறில்லை.

அடுத்த ஆண்டு, 1975இல், கம்பனிகளுக்குரிய தோட்டங்களை இலங்கை அரசு தேசியமயமாக்கியது. பசறையிலும் ஹப்புத்தளையிலும் மண் அரசுடைமையாயிற்று. ஆனால் அம்மண்ணின் மணத்தைப் பற்றிய கட்டுரை வந்த இதழோ பிரித்தானியத் தனியார் பதிப்பகத்தின் சொத்தாகவே இருந்தது. 1991இல் மக்ஸ்வெல் பெர்கமனை நெதர்லாந்தின் எல்செவியருக்கு 44 கோடி பவுணுக்கு விற்றபோது அவ்விதழும் பழைய தொகுதிகளோடு கைமாறியது. மறு ஆண்டில் இலங்கை அரசு தோட்டங்களின் நிர்வாகத்தை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. நிலம் இருமுறை கைமாறியது நாட்டின் அரசியலில் பெரும் விவாதமாயிற்று. அறிவு கைமாறியது விற்பனை ஒப்பந்தத்தோடு முடிந்தது.

2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தில் பட்டம் வழங்குகிறது. அங்கே பயிலும் மாணவர் ஒருவர், அவருடைய பாட்டி கொழுந்தெடுத்த மலையின் தேயிலை ஏன் மணக்கிறது என்பதற்கு 1974இல் எழுதப்பட்ட விளக்கத்தை முறைப்படி படிக்க விரும்பினால், எல்செவியரின் இணையத் தளத்தின் வழியாகவே செல்ல வேண்டியிருக்கிறது.