குதிரையின் முதுகும் நம் கைகளும்

ஆகஸ்ட் 20 வந்தால் விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் பக்கமிருந்து வேன் பிடித்து நெற்கட்டும்செவலுக்கும் பச்சேரிக்கும் போகிறோம். அது ஒண்டிவீரன் நினைவு நாள். 2022இல் அதே நாளில் அவருக்கு அஞ்சல் தலையும் வெளியானது. பூலித்தேவனின் படைத்தளபதியாக விளங்கிய அருந்ததியர் அவர். எதிரியின் முகாமுக்குள் தனி ஆளாகப் புகுந்தார். புல்லுக்குள் ஒளிந்து கிடந்தபோது குதிரை கட்டும் முளையை அவர் கை மேலேயே அடித்துவிட்டார்கள். சத்தம் காட்டாமல் கிடந்து, பின் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியேறினார் என்கிறது மக்கள் கதை.

தோழர்களே, இந்தக் கதை நடக்கும் இடத்தைக் கவனியுங்கள். அரண்மனை அல்ல. குதிரை கட்டும் இடம், புல், முளை. அங்கே அன்றாடம் வேலை பார்த்தவர்கள் யார்?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி சொல்கிறார். மன்னர்கள் கடல் கடந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் செத்துப்போயின. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்பது அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம். அதை உயிரோடு வைத்திருக்க உழைப்பும் அறிவும் வேண்டும்.

அது என்ன அறிவு? மனிதரைப் போலவே குதிரைக்கும் உடம்பெல்லாம் வியர்க்கும். ஓடி வந்ததும் அப்படியே காற்றில் நிறுத்தினால் ஈர உடம்பு சட்டெனக் குளிர்ந்து தசைகள் இறுகும். உலர்ந்த மயிர்களுக்கு இடையில் தங்கும் காற்றுதான் குதிரையின் இயற்கையான போர்வை. நனைந்தால் மயிர் படிந்துபோகும், சூடும் போய்விடும். அதனால் மெல்ல நடக்கவிட்டு, வைக்கோலை முறுக்கித் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்தி உலர்த்த வேண்டும். அதன் பிறகுதான் கம்பளி. நம் கரிசல் பூமியிலும் ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும் உண்டு. நாள்கணக்கில் ஈரம் தங்கினால் தோலில் பொருக்குத் தட்டி மயிர் கொத்தாக உதிரும். சேணத்துக்கு அடியில் வியர்வை உப்பும் தூசியும் தங்கினால் முதுகு புண்ணாகும். முதுகு புண்ணான குதிரை போருக்கு உதவாது.

வெள்ளையர் காலத்துச் சென்னை மாகாணத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் குதிரைக்காரர்கள். அவர்களில் பறையர்கள் ஏராளம். குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரர், புல் அறுக்க இன்னொருவர். பல இடங்களில் புல் அறுத்தது குதிரைக்காரரின் மனைவி. தோலைப் பதப்படுத்தி, வெட்டி, தைக்கும் வேலை அருந்ததியர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. வாரின் ஓரம் சொரசொரப்பாக இருந்தால் குதிரையின் தோல் கிழியும் என்பது தைத்த கைக்குத் தெரியும்.

அந்தக் கை குதிரையின் தோலைத் தொடலாம். ஏறிப்போகிறவரின் தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது. தேய்த்துவிடலாம், ஏறக் கூடாது. சாதியின் நியாயம் இதுதான்.

இது பழங்கதை இல்லை. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டம் டிம்பி கிராமத்தில் 21 வயது தலித் இளைஞர் கொல்லப்பட்டார். குதிரை வைத்திருந்ததற்காகவும் அதில் ஏறிப் போனதற்காகவும் ஆதிக்கச் சாதியினர் மிரட்டி வந்தார்கள் என்று அவருடைய தந்தை சொன்னார். மாப்பிள்ளை குதிரையில் வந்தார் என்பதற்காகத் தலித் திருமண ஊர்வலங்களைத் தாக்கும் செய்திகள் வட மாநிலங்களிலிருந்து இன்றும் வருகின்றன.

சிலையில் குதிரையும் அதன் மேல் வீரரும் இருக்கிறார்கள். குதிரையைத் தேய்த்து நிறுத்தியவர் இல்லை. நம் பகுதிக்கு இது புதிதா? பட்டாசு வெடித்தால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். மருந்து படிந்த கையை யார் பார்க்கிறார்கள்?

அடுத்த ஆகஸ்ட் 20க்கு முன் ஒரு வேலை செய்வோம். வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்போம்: நம் குடும்பத்தில் யார் புல் அறுத்தார்கள், யார் வார் தைத்தார்கள், யார் வண்டிக் குதிரை பார்த்தார்கள், என்ன கூலி கிடைத்தது? எழுதி வைப்போம். அதுவும் வரலாறுதான்.