புதுக்கோட்டை மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளிகள்

ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் கொண்ட பள்ளி தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி எனப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் இது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. பேச்சுவழக்கில் 'யூனியன் ஸ்கூல்'. சிறு விவசாயிகள், விவசாயக் கூலிகள், கல் உடைப்போர் ஆகியோரின் பிள்ளைகளே இங்கு மிகுதி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள் சுமார் 16.18 லட்சம் பேர்; ஐவரில் நால்வர் கிராமவாசிகள். எழுத்தறிவு ஆண்களிடையே 85 விழுக்காட்டைத் தாண்டியிருக்க, பெண்களிடையே 69 விழுக்காட்டளவில் நின்றது. மாவட்டத்தின் பள்ளி வரலாற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இன்றைய மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவானது. குளத்தூர், ஆலங்குடி, திருமயம் வட்டங்கள் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. அறந்தாங்கியும் அதையொட்டிய கடலோரமும் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து வந்தவை. கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தான மானுவல் உள்ளிட்ட பழைய நூல்கள் அறந்தாங்கிப் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றிப் பேசாததற்கு இதுவே காரணம். சமஸ்தானத்துக்குள்ளும் அவற்றின் கவனம் திண்ணைப் பள்ளிகளைவிடத் தலைநகரின் ஆங்கிலப் பள்ளிமீதே குவிந்தது. திவான் சேஷய்ய சாஸ்திரி காலத்தில் அப்பள்ளி வளர்ந்து மகாராஜா கல்லூரியானது. கல்லூரியின் தொடக்கம் பொதுவாக 1880 எனக் குறிக்கப்படுகிறது. அதற்கு முந்தைய இலவசப் பள்ளியிலிருந்து கணக்கிடுவோரும் உண்டு. திருமயத்தில் பிறந்த காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி இங்கு படித்தவர்.

அக்கால மாணவர் யார் என்பதை எந்தப் புள்ளிவிவரத்தையும்விட, பின்னாளில் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டியின் சேர்க்கை தெளிவாகக் காட்டும். தந்தை நாராயணசுவாமி ஐயர் அக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அப்படியிருந்தும் மகள் வீட்டில் படித்தே மெட்ரிகுலேஷன் தேற வேண்டியிருந்தது. 1904இல் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பதால் எதிர்த்தார்கள் என்று சிலர் எழுதுகின்றனர். தாயார் சந்திரம்மாளின் குலப் பின்னணியே காரணம் என்பர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டதால் இடம் கிடைத்தது.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. காமராசர் ஆட்சியின் மதிய உணவும் புதிய பள்ளிகளும், எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டோர் எழுதிய ஈ.எஸ்.எல்.சி. தேர்வும், ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியரானதும், 1982இன் சத்துணவும் மாநிலம் முழுமைக்கும் பொதுவானவை.

இம்மாவட்டத்துக்கே உரிய பதிவுகள் நிறைந்து கிடப்பது 1991–92க்குத்தான். கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த முழு எழுத்தறிவு இயக்கத்தைப் பின்பற்றி, 1991இன் நடுப்பகுதியில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இங்கு தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், பள்ளி ஆசிரியர்கள், ஊதியம் வாங்காத தொண்டர்கள் ஆகியோர் சேர்ந்து இதை நடத்தினர். இலக்கு 9 முதல் 45 வயது வரையிலானோர். வகுப்பறையில் இருந்திருக்க வேண்டிய வயதுப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வந்தார்கள் என்பது முதியோர் கல்வி பற்றிய பேச்சில் எளிதில் விடுபட்டுப் போகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண்பிள்ளைக்குத் தடையாக இருந்தவற்றுள் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகும் வழியும் ஒன்று. பேருந்து குறைவு, அவளைத் தனியே நடக்கவிட வீட்டார் தயங்கினர்.

இங்கேதான் சைக்கிள் வருகிறது. கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அதை இயக்கத்தின் பாடத்தோடு சேர்த்ததில் ஆட்சியருக்குப் பெரும் பங்குண்டு. கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என எல்லோரும் மிதித்தார்கள். இயக்கத்தைச் சேர்ந்த முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகருக்குள் அணிவகுத்தார்கள். கேலிப் பேச்சு இருந்தது, மிதித்தவர்கள் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கான சைக்கிளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.  ஓரிரு ஆண்டுக்குள் ஒரு லட்சம் பெண்கள் கற்றார்கள் என்பது சாய்நாத் தரும் கணக்கு.

1992இல் முழு எழுத்தறிவு பெற்றதாக மாவட்டம் அறிவிக்கப்பட்டது. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சுங்கத்தும் இந்த அனுபவத்தை 1996இல் ஆங்கில நூலாக்கினர். கற்றவர்களில் எத்தனை பேரிடம் எழுத்து நிலைத்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 'முழு' என்ற சொல்லை 2011 கணக்கெடுப்பும் தாங்கவில்லை. அடுத்த தலைமுறைப் பெண்பிள்ளைகள் பள்ளியில் நீடித்ததற்கு அறிவொளி காரணமா, சத்துணவா, பேருந்தா என்பதையும் பிரித்துச் சொல்வது கடினம்.

கற்றல் அடைவைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்புக்கு இப்போது பொதுத்தேர்வு இல்லை. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குத் தேர்வு வைக்க 2019இல் எடுத்த முடிவை மாநில அரசு 2020 பிப்ரவரியில் கைவிட்டது. ஆகவே எட்டாம் வகுப்பினர் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வில் எத்தனை பேர் தேறினர் என்பதையே பள்ளிகள் பெருமையாகச் சொல்கின்றன. மாநிலத்துக்கு ஒதுக்கீடு 6,695 இடங்கள். வென்றவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். வகுப்பில் ஒருசிலரே தேறக்கூடிய தேர்வைக் கொண்டு ஒரு பள்ளியை மதிப்பிடுவது சரியாகாது. மதிப்பெண் மோகத்தைக் கடிந்து 'முதல் மதிப்பெண் எடுக்க வேண்டாம் மகளே' என்ற நூலை எழுதிய நா. முத்துநிலவன் இதே மாவட்டத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர்.

 அறந்தாங்கிப் பக்கத்துப் பச்சலூர் நடுநிலைப் பள்ளி, குளிரூட்டிய வகுப்பறைகளால் செய்திகளில் இடம்பெற்றது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்குமே வகுக்கப்பட்டது. அதே வளாகத்தில் படிக்கும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பினர் அதில் சேர்க்கப்படவில்லை. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கும் உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கான புதுமைப் பெண் உதவித்தொகைக்கும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தகுதி உண்டு. எனவே ஐந்தாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் முடித்த மாணவியும், ஆறாம் வகுப்பில் ஒன்றியப் பள்ளிக்கு வந்து அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்தால் இவ்விரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.