துடுப்புப் போட்டவர்கள் கட்டிய கோயில்

சென்ற வாரம் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் நின்றோம். அங்கிருந்து தெற்கே, தண்டையார்பேட்டையைத் தாண்டி வந்தால் ராயபுரம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அதைவிட 27 வயது மூத்தது புனித இராயப்பர் ஆலயம்.

பவுலைச் சின்னப்பர் என்றும் யோவானை அருளப்பர் என்றும் அழைத்த தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பேதுரு, இராயப்பர். கலிலேயாவில் வலை வீசியவர். ஊருக்குப் பெயர் வந்ததும் அவரால்தான் என்பார்கள். 1829இல் இந்த ஆலயத்தை எழுப்பியவர்கள் குருகுல வம்ச வர்ணகுல முதலியார் எனப்படும் படகுக்காரச் சமூகத்தார். தங்கள் காவலராக அவர்கள் ஒரு மீனவரைத் தேர்ந்தது எனக்கு இயல்பாகவே படுகிறது.

அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளியே நங்கூரமிடும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சீறும் அலைகளைக் கடக்க இந்தச் சமூகத்தார் ஓட்டிய மசூலா படகு ஒன்றே வழி. பலகைகளை ஆணியால் அறையாமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த படகு தரைதட்டினால் பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். படகு கவிழ்ந்தால் விழுந்தவரைத் தூக்கக் கட்டுமரமும் கூடவே வரும். கவர்னரானாலும் சிப்பாயானாலும் சாராயப் பீப்பாயானாலும் இவர்கள் தோளை நம்பித்தான் கரையேற வேண்டும். சென்னை நகரம் வளர்ந்த கதையில் இவர்களுக்குரிய இடத்தை நாம் இன்னும் தரவில்லை.

1861இல் இரும்புத் தூண்களின் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீண்டது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். முடியும் தறுவாயில் இருந்த சுவர்களை 1881 நவம்பர் புயல் உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கப்பல்கள் நேரே கரையணைய, மசூலா படகுக்கு வேலை குறைந்து, பிறகு இல்லாமலே போனது.

தொழிலோடு கரையும் போயிற்று. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. திருவொற்றியூர்ச் சாலையோரம் இன்று கொட்டிக் கிடக்கும் பாறாங்கற்கள் அதற்குப் போட்ட அணை. மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் ஒரு நாளாவது இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

ஆலயம் இருக்கிறது. உள்ளே போனால் சற்று உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இதைக் கட்டியவர்கள் பிழைத்த கடற்கரையை இனி நாம் பார்க்க முடியாது.

அடுத்த வாரம் இன்னும் வடக்கே, பழவேற்காட்டுக்குப் போகிறோம். போர்த்துக்கீசியர் 1515இல் நிறுவியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயிலும், மண்டையோடும் எலும்புக்கூடும் செதுக்கிய டச்சுக் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன.

(தொடரும்)