தோரோவின் குடிசைக்கு இரண்டு கடைக்கால்

சின்ன வீடுதானே என்று கடைக்காலை அலட்சியமாகப் பேசுகிறவர்களிடம் நான் ஹென்றி டேவிட் தோரோவின் குடிசையைப் பற்றிச் சொல்வேன். கட்டட வேலைதான் என் பிழைப்பு. ‘வால்டன்’ நூலைத் தத்துவத்துக்காகப் படிப்பவர்கள் பலர். எனக்கு அவர் வானம் தோண்டிய பக்கங்கள்தான் உயிர்.

1845 மார்ச் இறுதியில், அமெரிக்காவின் கான்கார்டில், வால்டன் ஏரிக்கரையில், நண்பர் எமர்சனின் நிலத்தில், இரவல் கோடாலியோடு இறங்கினார். வீடு 15 அடிக்கு 10 அடி. தெற்கே சரிந்த மேட்டில், வுட்சக் என்ற பிராணி ஏற்கெனவே வளை தோண்டியிருந்த இடத்தைப் பார்த்துப் பிடித்தார். 6 அடி சதுரத்தில் 7 அடி ஆழம், நைசான மணல் வரும்வரை பள்ளம் எடுத்தார். எந்தக் குளிரிலும் உருளைக்கிழங்கு உறையாத ஆழம் அது. பள்ளத்தின் பக்கங்களுக்குக் கல் கட்டவில்லை, சரிவாகவே விட்டுவிட்டார். வெயில் படாததால் மணல் சரியாமல் நின்றது. இரண்டே மணி நேர வேலை என்று எழுதுகிறார். மணல்பாங்கான இடம், நம்பலாம்.

அந்த ஊர்க் குளிரில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து, உப்பி, மேலே நிற்பதைத் தூக்கிவிடும். கோடையில் வெடித்து மழையில் பொங்கும் கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். மணலில் நீர் தங்காது என்பதால் அவருக்குப் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது.

நான் வியப்பது அடுத்த வேலையை. சுவருக்குப் பலகை அடிக்கும் முன்பே, புகைபோக்கிக்கு மட்டும் தனியாகக் கடைக்கால் போட்டார். ஏரிக்கரையிலிருந்து இரண்டு வண்டிக் கல்லைக் கையாலேயே மேட்டுக்குச் சுமந்தார். மரவீடு லேசு, செங்கல் புகைபோக்கியோ ஓரிடத்தில் மொத்த பாரத்தையும் இறக்கும். இரண்டையும் ஒரே தாங்கலில் நிறுத்தியிருந்தால், புகைபோக்கி அமிழும்போது வீட்டையும் இழுத்திருக்கும். மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அதில் ஆயிரம் பழைய செங்கலுக்கு 4 டாலர். ஜூலை 4-இல் குடியேறியவர், இலையுதிர்காலத்தில்தான் புகைபோக்கியை எழுப்பினார். வீடு எரிந்தாலும் புகைபோக்கி நிற்பதுண்டு, வீடு போனபிறகும் நிலவறைப் பள்ளம் தெரியும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அப்படியேதான் நடந்தது. 1847-இல் அவர் கிளம்பினார். 1849-இல் வீட்டை ஒரு விவசாயி தன் நிலத்துக்கு நகர்த்திக்கொண்டுபோய்த் தானியம் கொட்டிவைத்தார். 1868-இல் கூரையைப் பிரித்துப் பன்றிக்கொட்டிலுக்குப் போட்டார்கள். லேசான தாங்கலில் நின்ற வீடு, பெயர்க்க வந்தவர்களோடு போய்விட்டது.

1945-இல் ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் அந்த மேட்டில் இரும்புக் கம்பியைக் குத்திக் குத்தித் தேடினார். பட்டது கல். புகைபோக்கியின் கடைக்கால் அகப்பட்ட பிறகுதான் வீடு நின்ற இடம் ஐயமில்லாமல் உறுதியானது. இன்று அங்கே கருங்கல் தூண்கள் நட்டு எல்லை காட்டியிருக்கிறார்கள்.