நம் சுவர்களின் கதை: சுண்ணாம்பிலிருந்து ஜிப்சம் வரை

நம் பகுதியில் பழைய வீடுகளைத் திருத்துகிறவர்கள் சுண்ணாம்புச் சாந்தைக் கொத்தியெடுத்துவிட்டு ஜிப்சம் பூசத் தொடங்கியிருக்கிறார்கள். கொத்திய சாந்து குப்பைக்குப் போகுமுன் இரண்டு வார்த்தை சொல்லலாமென்று எழுதுகிறோம்.

கோட்டையைப் போர்த்துக்கேயர் 1624இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1665இல் திருத்திக் கட்டினார்கள். போர்ட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் உரிமம் கிடைத்ததே 1824இல்தான். அதுவரை சாந்து என்றால் சுண்ணாம்புதான். நம் நாட்டுக் கரையோரத்தில் முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டு, நீரூற்றி நீறாக்கி, மணல் சேர்த்துக் குழைத்தார்கள். மாரியில் சுவர் ஓதத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். ஆனால் அதற்குக் கடல் கொடுத்த விலை பெரிது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பது தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை சரிதான். ஆனால் இன்று கொத்தி வீசும் முருகைச் சாந்தை இனி யாரும் செய்து தரப்போவதில்லை.

ஜிப்சமும் நமக்கு அந்நியமல்ல. கப்றுக்குப் பூசக்கூடாதென்று ஹதீஸில் வரும் 'ஜஸ்' என்ற அரபுச் சொல் இந்தச் சாந்துக்கும் உரியதுதான். 9ஆம் நூற்றாண்டின் ஸாமர்ராவில் சுவரலங்காரம் செய்ததும், கிரனடாவின் அல்ஹம்ராவில் தேன்கூடு போன்ற கூரைகளை வார்த்ததும் இதைக் கொண்டே. பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் பரிசுச் சாந்தும் இதுவே. கல்லை ஏறக்குறைய 150 பாகை செல்சியஸில் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால்வாசி போய்விடும். மறுபடி நீர் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகும். சுண்ணாம்புக்கோ ஏறக்குறைய 900 பாகைச் சூளை வேண்டும், இறுகவும் நாட்கணக்காகும்.

உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது, உப்பு உறையுமுன் அடியில் படிவதும் ஜிப்சமே. துறைமுகத்தையொட்டி 1980களில் வந்த டோக்கியோ சீமெந்து ஆலையை எல்லோருக்கும் தெரியும். சீமெந்து குழைத்தவுடனே இறுகிவிடாமலிருக்க அதில் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைப்பார்கள். ஆகவே சீமெந்து வீட்டிலும் ஜிப்சம் இருக்கிறது.

சிக்கல் ஓதத்தில்தான். ஜிப்சம் நீரில் கரையும்: ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 2 கிராம். பார்க்கச் சிறிய கணக்கு. ஆனால் வாடைக்காற்றோடு மாதக்கணக்கில் மழை பெய்யும் ஊர் இது. கடற்கரைப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பூசி இரண்டாம் மாரியிலேயே சுவரின் அடிப்பகுதி முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்ந்தது. அதே வீட்டின் சீலிங் இன்றுவரை அப்படியே இருக்கிறது, கூரை ஒழுகவில்லை. மேசனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிலத்திலிருந்து ஓதம் ஏறும் சுவரில் பூசச் சொன்னது வீட்டுக்காரர்.

சீலிங்குக்கும் காய்ந்த உட்சுவருக்கும் ஜிப்சம் தாராளமாகப் பூசுங்கள். வெளிச்சுவர், குளியலறை, கிணற்றடிச் சுவர் வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சாந்து பிடிப்பாக இருந்தால் கொத்தாதீர்கள். வெடித்த இடத்தை மட்டும் சுண்ணாம்பாலேயே ஒட்டுப்போட்டு, மேலே சுண்ணாம்பே அடியுங்கள்.

நம் பக்கத்தில் சுண்ணாம்புச் சூளை இருந்த இடங்கள் நினைவிலுள்ள மூத்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்க ஆசை.