ஒரு பெயர், இரு கற்கள்

அடையாற்றில் எங்கள் தெருவில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் அண்மையில் ஒரு பச்சை வளையலை என்னிடம் காட்டினார். 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலேறியபோது அவருடைய தாயார் கையில் கிடந்த வளையல் அது. கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டு, சேர்த்த பொருளையெல்லாம் விட்டுவிட்டுத் தமிழர்கள் பர்மாவிலிருந்து திரும்பிய காலம். வீட்டில் அதை ‘மரகத வளையல்’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். நகைக்கடைக்காரர் ஒருவரோ, “மரகதமில்லை, போலி” என்று கூறிவிட்டாராம். அவர் கூற்றில் பாதி மட்டுமே உண்மை.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடை வீதியைக் காட்டுகையில் மணிகளின் குணங்களையும் குற்றங்களையும் நுட்பமாகப் பேசுகிறது. நவமணிகளுள் ‘ஜேடு’ இல்லை. ஆகவே நம் வழக்கில் நல்ல பச்சைக்கல் என்றால் மரகதம். மரகதம் அல்லாதது போலி.

இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜேடு என்ற ஒரே பெயரில் இரு வேறு கற்களை உலகம் நெடுங்காலம் வழங்கி வந்தது. 1863இல் பிரெஞ்சு வேதியியலார் அலெக்சி தமூர், பர்மாவிலிருந்து வந்த கல்லைப் பகுத்தாய்ந்து அது வேறொரு கனிமம் என நிறுவி, ‘ஜேடைட்’ எனப் பெயரிட்டார். மற்றது ‘நெஃப்ரைட்’. முன்னது சோடியமும் அலுமினியமும் கலந்த சிலிக்கேட். பின்னது கால்சியமும் மக்னீசியமும் கலந்தது.

இரண்டும் இந்தியாவை அறிந்தவையே; வந்த வழிகள்தாம் வேறு. மொகலாயர் விரும்பிய ஜேடு பெரும்பாலும் நடு ஆசியாவின் கோத்தான் பகுதியிலிருந்து வந்த நெஃப்ரைட். இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஷாஜகானின் வெண்ணிற மதுக்கிண்ணம் (1657) அக்கல்லால் ஆனது. ஜேடைட்டோ வட பர்மாவின் கச்சின் மலைப்பகுதியில் விளைவது. அதன் பெருஞ்சந்தை சீனம். பர்மா சென்ற தமிழர் கைக்கு எட்டியது இந்த இரண்டாவது கல்தான்.

கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிப்பது எளிதன்று. நெஃப்ரைட்டில் எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. ஜேடைட்டில் கண்ணாடிப் பளபளப்பு. நெஃப்ரைட் பின்னிய நார்களால் ஆனதால் எளிதில் உடையாது; ஜேடைட் அதைவிடச் சற்றுக் கடினமானது, எளிதில் கீறல் விழாது. ஆயினும் நம்பத்தக்கது எடைதான். காற்றில் உள்ள எடையை, நீரில் அமிழ்த்தும்போது குறையும் எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். நெஃப்ரைட்டுக்கு அது ஏறத்தாழ 2.95, ஜேடைட்டுக்கு 3.3.

கல்லூரி ஆய்வகத் தராசில் வளையலை நிறுத்தோம். காற்றில் 49.8 கிராம்; நீரில் 34.8. குறைந்தது 15. ஈவு 3.32. இதே அடர்த்தியுள்ள வேறு பச்சைக் கற்களும் உண்டு என்பதால் ஒளிவிலகல் எண்ணையும் சோதிக்கச் செய்தோம்: 1.66. ஜேடைட்டேதான்.

“இது மரகதமும் இல்லை, போலியும் இல்லை அம்மா” என்றேன்.

“அப்போ இதுக்குத் தமிழ்ல என்ன பேரு தம்பி?”

தமிழ் படித்தவனுக்கு உடனே விடை வரவில்லை. அவர் வளையலைக் கையில் மாட்டிக்கொண்டே, “பர்மாப் பச்சைன்னு வெச்சுக்கலாம்” என்றார்.